எந்த வகுப்பில் வருகிறீர்கள்?

தாம்பரத்திலும் அதனை ஒட்டிய சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதிகளிலும் குடியிருப்போரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் தெற்கே கை காட்டுவர். கோவில்பட்டி என்பார் ஒருவர். நாகர்கோவில் என்பார் மற்றொருவர். மன்னார்குடி என்றும் இராமநாதபுரம் என்றும் சொல்வோர் உண்டு. படிக்க வந்து, வேலைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள் நாம். நமக்குச் சென்னை எழும்பூரில் தொடங்குவதில்லை. விடியற்காலையில் அரைத்தூக்கத்தோடு பெட்டியை இறக்கி வைக்கும் தாம்பரம் நடைமேடையில்தான் தொடங்குகிறது.

ஆகவே ஊருக்குப் போகிறோம் என்று சொன்னவுடன் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. "டிக்கெட் கிடைத்துவிட்டதா?" என்பது முதற்கேள்வி. "எந்த வகுப்பில்?" என்பது இரண்டாவது. முதற்கேள்வியைப் பற்றி எல்லோரும் புலம்புகிறோம். பண்டிகைதோறும் நாளிதழ்களும் எழுதுகின்றன. இரண்டாம் கேள்வியை மட்டும், ஏதோ அவரவர் வசதியைச் சார்ந்த சொந்த விஷயம் என்று விட்டுவிடுகிறோம். அது அவ்வாறு சொந்த விஷயம் மட்டும் அன்று என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

தமிழாசிரியன் கைப்பழக்கம், சொல்லிலிருந்து தொடங்காமல் இருக்க முடியவில்லை, வாசகர்கள் பொறுத்தருள்க. 'வகு' என்னும் வினையடியிலிருந்து வந்தது வகுப்பு. வகுத்தல் என்றால் பிரித்தல். கணக்கில் ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் பிரிப்பதும் வகுத்தலே. மாணவர் அமரும் அறையும் வகுப்பு; சாதி, சமயப் பிரிவும் வகுப்பு. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்து ஆணையை 'வகுப்புவாரி உரிமை' என்றே தமிழில் வழங்கினோம். இரயில் பெட்டியின் தரமும் வகுப்பாயிற்று. தென்னிந்திய இரயில்வே நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருந்த வழக்கம், பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் நீங்கியது. ஒரே நிலையத்தில் இரு பொருளிலும் வகுப்பு பார்க்கப்பட்ட காலம் அது. ஒன்று போயிற்று, மற்றது நின்றுவிட்டது. காசுக்கேற்ற இருக்கை இயல்புதானே என்று நாமும் ஏற்றுக்கொண்டோம்.

இரயிலில் பயன்படும் இன்னொரு வகுத்தலும் உண்டு. அறிந்தவர் பலர் இருக்கலாம், அறியாதார்க்காகச் சொல்கிறோம். ஸ்லீப்பரிலோ மூன்றடுக்கு ஏசியிலோ உங்கள் படுக்கை எண்ணை எட்டால் வகுங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் கீழ்ப்படுக்கை. 2 அல்லது 5 என்றால் நடுப்படுக்கை. 3 அல்லது 6 என்றால் மேற்படுக்கை. மீதி 7 வந்தால் பக்கவாட்டுக் கீழ்; மீதியின்றி வகுபட்டால் பக்கவாட்டு மேல். முழங்கால் வலியுள்ள தாயை ஊரிலிருந்து அழைத்துவரும் ஒருவருக்கு இதைவிட முக்கியமான வகுத்தல் கணக்கு வேறில்லை.

*

எம் தாயார் கோவில்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். நாம் முதுகலை படிக்கத் தாம்பரம் வந்தது 2000ஆம் ஆண்டை ஒட்டி. அக்காலத்தில் முன்பதிவு என்பது உடம்பால் செய்யும் வேலை. விடியுமுன் சென்று, முன்பதிவு மையத்தின் கதவு திறக்கும்வரை வரிசையில் நிற்க வேண்டும். செருப்பும் துணிப்பையும் மனிதருக்காக வரிசையில் காத்துக் கிடக்கும். படிவத்தில் ஆறு பேர் வரை எழுதலாம். விடுதித் தோழர்களில் ஒருவர் நின்றால் ஆறு பேருக்குச் சீட்டு. இணையவழிச் சீட்டு விற்பனையை ஐஆர்சிடிசி 2002இல் தொடங்கியது. ஆனால் அது நம் கைக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின.

அன்று வகுப்பைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே இல்லை. படிவத்தில் வகுப்பு என்ற கட்டத்தில் ஸ்லீப்பர் என்று எழுதிவிடுவோம். ஏசி என்பது மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உரியது என்பது நம் எண்ணம். ஸ்லீப்பர் பெட்டியில் தறி வைத்திருப்பவரும், வங்கி எழுத்தரும், கல்லூரி மாணவரும், மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மையாரும் ஒன்றாக வருவர். கட்டுச்சோற்றை விரித்தால் எதிரே இருப்பவருக்கும் ஒரு கவளம் உண்டு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் வங்கி எழுத்தர் பேனாவை எடுத்து ஒரு புகார் எழுதுவார்; அருகிலுள்ளோர் கையெழுத்திடுவர். நாமும் அவ்வாறு பலமுறை எழுதியிருக்கிறோம். மின்விசிறி சுழலவில்லை என்றும், கழிவறைத் தாழ்ப்பாள் இல்லை என்றும் எழுதிய அஞ்சலட்டைகளுக்கு மறுமொழிகூட வந்ததுண்டு.

2012ஆம் ஆண்டு குழந்தை பிறந்த பிறகு மூன்றடுக்கு ஏசிக்கு மாறினோம். கைக்குழந்தைக்குப் புழுதி ஆகாது என்பது காரணம். குழந்தை வளர்ந்தது, நாம் திரும்பி வரவில்லை. அதன் பிறகு ஸ்லீப்பர் பெட்டியைப் பற்றி ஓர் அஞ்சலட்டையும் நாம் எழுதவில்லை. எழுதவில்லை என்பதே நெடுநாள் நம் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்குக் கொண்டுவந்தவர் ஒரு மாணவி.

2025ஆம் ஆண்டு ஆயுத பூசையை ஒட்டி நீண்ட விடுமுறை வந்தது. அது முடிந்து ஞாயிறு இரவு கோவில்பட்டியில் வண்டியேறி, திங்கள் விடியலில் தாம்பரத்தில் இறங்கினோம். இரவெல்லாம் கம்பளி போர்த்து உறங்கியதில் உடம்பு இலேசாக இருந்தது. நடைமேடையில் கூட்டத்துக்குள் இருந்து, "ஐயா, நீங்களும் இந்த வண்டியிலதான் வந்தீங்களா?" என்று ஒரு குரல். நம் இளங்கலை வகுப்பில் முதல் வரிசையில் அமரும் பெண். அவர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவரே. தந்தை தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி.

"ஆமாம்மா. எந்தப் பெட்டி?"

"கடைசிப் பெட்டிங்கய்யா. மதுரை வரைக்கும் நின்னோம். அப்புறம் கதவுகிட்ட பேப்பர் விரிச்சு உட்கார்ந்துட்டோம்."

ஸ்லீப்பரில் சீட்டு எடுத்திருந்தார் என்பது பேச்சில் தெரிந்தது. காத்திருப்போர் பட்டியலிலேயே நின்று, பட்டியல் இறுதியானதும் தானாக இரத்தாகிவிட்டது. அதன்பின் நிலையத்துக்கு ஓடி முன்பதிவற்ற சீட்டு வாங்கியிருக்கிறார். வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைத்தபடி இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போல் சொன்னார்.

அன்று காலை நாம் நடத்தியது பாலைத்திணை. வழிநடைத் துன்பத்தை விரித்துரைத்துக்கொண்டிருந்தபோது முதல் வரிசையில் அந்தப் பெண் தலை சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். கடிந்துகொள்ள வாயெடுத்தோம். விடியற்காலை நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டோம். அவரும் நாமும் ஒரே ஊர்ப்பக்கத்தில் ஏறி, ஒரே வண்டியில், ஒரே இரவில், ஒரே வகுப்பறைக்கு வந்தவர்கள். ஒருவர் உறங்கி வந்தார். ஒருவர் உறங்காமல் வந்தார். இடையில் இருந்த வேறுபாடு வகுப்பு ஒன்றே.

*

அந்த வேறுபாட்டை எண்ணிக்கையில் பார்ப்போம். கோவில்பட்டியிலிருந்து தாம்பரம் வர முன்பதிவற்ற பெட்டியில் இருநூறு ரூபாயை ஒட்டி ஆகிறது. ஸ்லீப்பரில் நானூறை ஒட்டியும், மூன்றடுக்கு ஏசியில் ஆயிரத்தை ஒட்டியும் ஆகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இருநூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே, ஓர் ஏழைக் குடும்பம் எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரே படுக்கை ஸ்லீப்பர். பழைய வகைப் பெட்டி ஒன்றில் அவ்வாறு 72 படுக்கைகள். புதிய எல்எச்பி வகைப் பெட்டியில் 80. பல வண்டிகளில் சென்ற சில ஆண்டுகளாக ஸ்லீப்பர் பெட்டியைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் மூன்றடுக்கு ஏசிப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். ஒரு பெட்டி மாறுவது செய்தித்தாளில் ஒரு வரி. ஆனால் அதன் பொருள், அந்த வண்டியில் ஒவ்வோர் இரவும் எழுபத்திரண்டு பேரோ எண்பது பேரோ மேலே ஏறவேண்டும், அல்லது கீழே இறங்கவேண்டும் என்பது. ஏற முடிந்தவர் ஆயிரம் ரூபாய் கொடுத்து ஏசிக்கு வருகிறார். முடியாதவர் கதவருகே செய்தித்தாள் விரிக்கிறார்.

பணம் மட்டுமே தடையாக இருந்தாலும் ஒருவாறு புரிந்துகொள்ளலாம். முன்பதிவின் வழிமுறையே இன்று ஒரு தேர்வாகிவிட்டது. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகக் குறைந்தது. ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்குச் சன்னல் திறக்கும். 2025 அக்டோபரில், இணையத்தில் முதல் பதினைந்து நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்கு உள்ளவர்க்கே என்று விதி வந்தது. தட்கல் என்றால் முந்தைய நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஏசியற்ற வகுப்புக்கு 11 மணி; 2025 சூலை முதல் அதற்கும் ஆதார் கட்டாயம். முகவர்களும் கள்ள மென்பொருள்களும் சீட்டுகளை அள்ளிச் செல்வதைத் தடுக்கவே இவ்விதிகள் வந்தன. அந்நோக்கத்தில் நமக்கு மாறுபாடில்லை. ஆயினும் அந்த மாணவியின் நிலையில் நின்று பாருங்கள். அக்டோபர் 5ஆம் நாள் இரவுக்கான சன்னல் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே திறந்தாயிற்று. அந்நேரம் அவர் மின்தொடர் வண்டியில் கல்லூரிக்கு வந்துகொண்டிருப்பார். கணக்கு தந்தையின் கைப்பேசியில். கடவுச்சொல் ஊரில் இருக்கிறது. நாமோ அலுவலக இணையம், வங்கி அட்டை, ஆதார் சரிபார்த்த கணக்கு அனைத்தும் தயாராக வைத்து 7.58க்கே அமர்ந்திருப்போம். கணினியைக் கையாளத் தெரிந்தவர்க்கே படுக்கை என்றாகிவிட்டால், அதுவும் ஒரு வகுப்புதான்.

தெரிந்தவர்களும் தவறும் இடங்கள் உண்டு. எம் தாயாரை முதன்முறை அழைத்து வந்தபோது குடும்பத்தினர் ஐவரையும் ஒரே சீட்டில் பதிந்தோம். அவருக்கு மேற்படுக்கை வந்தது. "எய்யா, நான் எப்பிடிய்யா அதுல ஏறுவேன்?" என்று அவர் ஏணியைப் பார்த்து நின்ற கோலம் இன்றும் கண்ணில் நிற்கிறது. அறுபது கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அவர் தனியாகவோ, அத்தகுதியுள்ள இன்னொருவருடனோ பதிந்தால்தான் அவ்வொதுக்கீட்டில் இடம் கேட்க முடியும். பெரிய குடும்பச் சீட்டில் சேர்த்துவிட்டால் கிடைத்தது கிடைத்தபடிதான். அன்று எதிர்ப்படுக்கை இளைஞர் ஒருவர் கேளாமலே இடம் மாறிக் கொடுத்தார். ஸ்லீப்பர் பெட்டி அது. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுபோயிற்று. எஞ்சியிருப்பது இந்தக் கீழ்ப்படுக்கை ஒன்றே.

*

இவ்விடத்தில் பிற நாடுகளையும் ஒருமுறை பார்ப்பது நன்று. நம் பழைய மாணவர்கள் சிலர் வெளிநாட்டு இரவு வண்டிகளில் பயணம் செய்துவிட்டு, நம்முடையதைவிட அவை எவ்வளவோ மேல் என்று எழுதுவர். தூய்மையில் மேலாக இருக்கலாம். ஆனால் படுக்கையை அங்கே எவ்வாறு விற்கிறார்கள் என்று பாருங்கள். சீனத்தில் 'கடினப் படுக்கை' எனப்படும் வகுப்பு நம் ஸ்லீப்பர் போன்றது, மூன்றடுக்கு. அங்கே மேலடுக்குக்கு ஒரு விலை, நடுவடுக்குக்கு ஒரு விலை, கீழடுக்குக்கு அதைவிடக் கூடுதல் விலை. தாய்லாந்தின் இரண்டாம் வகுப்பிலும் கீழ்ப்படுக்கை விலை கூடியது. உருசியாவில் 'பிளாட்ஸ்கார்ட்' என்ற கதவில்லாத பெட்டியில் 54 பேர் படுத்து வருகிறார்கள். அங்கும் மேலுக்கும் கீழுக்கும் விலை மாறுவதுண்டு. நம் நாட்டிலோ ஒரு வகுப்புக்குள் ஏறிவிட்டால் கீழும் மேலும் ஒரே விலை. கீழ்ப்படுக்கை பணத்துக்கு அன்று, வயதுக்கும் தேவைக்கும் ஒதுக்கப்பட்டது. இது சிறிய பெருமை அன்று. ஏசிக்குள்ளும் இந்நெறி இருக்கிறது; ஆனால் ஆயிரம் ரூபாய் கொடுக்க இயலாத முதியவருக்கு இந்நெறி பயன்படும் ஒரே இடம் ஸ்லீப்பர் பெட்டி.

ஐரோப்பாவிலிருந்து கற்க வேண்டியது வேறு. செருமானிய இரயில்வே தன் படுக்கை வண்டிகளை இலாபமில்லை என்று 2016 டிசம்பரில் நிறுத்திவிட்டது. அவற்றில் ஒரு பகுதியை ஆஸ்திரிய இரயில்வே ஏற்று நடத்துகிறது. இப்போது சுற்றுச்சூழல் கருதி இரவு வண்டிகள் வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். விட்டதைத் திரும்பக் கட்டுவதற்குப் பெட்டியும் வேண்டும், ஆளும் வேண்டும், ஆண்டுகளும் வேண்டும்.

நம் நாட்டில் படுக்கை என்பது ஏழைக்கு எளிதில் வந்ததன்று. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி, இரண்டரை ஆண்டுக்காலம் மூன்றாம் வகுப்பிலேயே நாடு சுற்றினார். வடக்கே லாகூர் முதல் தெற்கே நம் தரங்கம்பாடி வரை. அவ்வனுபவத்தை 1917இல் எழுதினார். அவ்வாண்டு பம்பாயிலிருந்து சென்னைக்கு அவர் வந்த பெட்டி 22 பேர் அமரக்கூடியது, வழியில் இரண்டு இரவுகள், படுக்கை கிடையாது. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்கு, வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது இவர்களுக்குக் கிடைக்கிறதா என்பது அவர் கேள்வி. மேலே நாம் சொன்ன ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கை வாசகர்கள் ஒருமுறை நினைவுகூர்க. வைசிராய் முதலாக உயர்நிலையில் உள்ளோர், முன்னறிவிப்பின்றி அவ்வப்போது மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து பார்க்கட்டும் என்றும் அவர் எழுதினார். 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிந்தது. 1977இல் இரயில்வே அமைச்சராக வந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் மரப்பலகைப் படுக்கைகளில் இரண்டு அங்குலப் பஞ்சு மெத்தை பொருத்த ஏற்பாடு செய்தார். முதல் வகுப்பைத் தாழ்த்துவது அன்று, இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே நோக்கம் என்பது அவர் நிலைப்பாடு. நாம் இன்று படுக்கும் ஸ்லீப்பரின் மெத்தை அவ்வழி வந்தது.

*

இரயில்வேயின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது முறையன்று. பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடே கட்டணமாக வருகிறது என்று சீட்டிலேயே அச்சிட்டுக் காட்டினார்கள். செலவை ஈடுகட்டும் வகுப்பு என்று மூன்றடுக்கு ஏசியைச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் ஸ்லீப்பரில் படுத்தவர் எவரும், ஏசிக்கு மக்கள் போவது ஏன் என்று கேட்கமாட்டார். சற்றே குறைந்த கட்டணத்தில் மூன்றடுக்கு எகானமி என்ற ஏசி வகுப்பையும் 2021இல் கொண்டு வந்தார்கள். ஏசியில்லாத பெட்டிகளே கொண்ட அம்ரித் பாரத் வண்டிகள் 2023 டிசம்பரில் தொடங்கின. நம் தாம்பரத்திலிருந்தே 2018இல் முழுதும் முன்பதிவற்ற அந்த்யோதயா வண்டி திருநெல்வேலிக்குத் தொடங்கிப் பின்பு நாகர்கோவில் வரை நீண்டது. சீட்டுக் கிடைக்காத எளியோர்க்கு அது பெருந்துணை. ஆனால் அது இரவு வண்டி, அதில் படுக்கை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே ஏசிப் பெட்டி கூடாது என்பது நம் வாதம் அன்று. ஏசி வேண்டுமானால் கூடுதலாக வரட்டும். ஸ்லீப்பருக்கு மாற்றாக வரவேண்டாம் என்பதே. இதை உரக்கச் சொல்ல ஆள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு, ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியலறிஞர் 1970இல் எழுதிய நூலில் விடை இருக்கிறது. நைஜீரியாவில் இரயில்வே சீர்கெட்டுக்கொண்டே போனதைக் கண்டு அவர் சிந்தித்தார். இலாரிகள் போட்டிக்கு வந்தால் இரயில்வே திருந்தியிருக்க வேண்டும் அல்லவா? திருந்தவில்லை. காரணம், தட்டிக் கேட்கும் திறமும் செல்வாக்கும் உடைய வாடிக்கையாளர்களே முதலில் இலாரிக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவர்களின் குரலைக் கேட்பாரில்லை. விலகுவதற்கு எளிய வழி இருக்கும்போது குரல் எழுப்புவார் குறைந்துபோவர் என்பது அவர் கருத்தின் சாரம்.

நைஜீரியா வரை போக வேண்டியதில்லை. நம் கதையே அதுதான். அஞ்சலட்டை எழுதிய வங்கி எழுத்தர் ஏசிக்குப் போனார். ஆசிரியர் போனார். இக்கட்டுரையை எழுதும் நாமும் போனோம். பயணிகள் நலச் சங்கங்களில் பேசுவோரும், நாளிதழ்க்கு ஆசிரியர் கடிதம் எழுதுவோரும், இலக்கியப் பக்கங்களில் கட்டுரை எழுதுவோரும் ஏசிப் பெட்டியில் ஒன்றாக உறங்குகிறோம். நம் புகார்கள் இப்போது போர்வை அழுக்கு, தலையணை சிறிது என்பதாகச் சுருங்கிவிட்டன. ஸ்லீப்பர் பெட்டி ஒன்று கழன்று போனபோது நம்மில் எவருக்கும் தெரியவில்லை. நம் படுக்கை அங்கே இல்லை. அப்பெட்டியை எடுத்தவர்களைக் குறை சொல்வதற்கு முன், அதைவிட்டு இறங்கியவர்கள் நாம் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

என் செய்யலாம்? நாம் செய்யத் தொடங்கியவற்றைச் சொல்கிறோம். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஸ்லீப்பரில் ஊருக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் படுக்கையைப் பறிப்பதாகாதா என்று துணைவியார் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே பண்டிகை இல்லாத நாளில் போகிறோம். அவ்வாறு போன முதல் இரவில் குழாயில் தண்ணீர் இல்லை. 139 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பினோம். அடுத்த பெரிய நிலையத்தில் தண்ணீர் ஏற்றினார்கள். அருகில் இருந்தவர், "இப்படிக் கேட்கலாமா சார்?" என்று வியந்தார். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

இரண்டாவது, தாம்பரம் வழியாகத் தெற்கே செல்லும் ஒவ்வோர் இரவு வண்டியிலும் ஸ்லீப்பர் எத்தனை, முன்பதிவற்ற பெட்டி எத்தனை என்று ஓர் ஏட்டில் குறித்து வருகிறோம். எண்ணிக்கை குறைந்தால் எழுத வேண்டும். இரயில்வேக்கும், நாடாளுமன்ற உறுப்பினருக்கும், நாளிதழுக்கும். ஏசியில் பயணம் செய்வோரும் ஸ்லீப்பருக்காக எழுதலாம்; அதற்குத் தடையேதும் இல்லை.

மூன்றாவது நம் வகுப்பறையில். ஒரு நாள் பாடம் முடிந்தபின் பதினைந்து நிமிடம் எடுத்து, அறுபது நாள் கணக்கு, காலை 8 மணி, ஆதார் சரிபார்ப்பு, கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினோம். தமிழ் வகுப்பில் இது எதற்கு என்று கேட்கக்கூடும். வழிநடைத் துன்பத்தைப் பாட்டில் மட்டும் விளக்கினால் போதாது என்று தோன்றிவிட்டது. எட்டால் வகுக்கும் கணக்கைச் சொன்னபோது முதல் வரிசையில் இருந்த அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பொங்கல் முடிந்து திரும்புவதற்கான முன்பதிவு திறந்த நாளில், அவர் தம் தோழியர் மூவருக்கும் சேர்த்து ஸ்லீப்பரில் நான்கு இடம் பிடித்துவிட்டதாகச் சொன்னார். "எனக்கு மீதி மூணு வந்துச்சுங்கய்யா. மேற்படுக்கை" என்றார்.

நால்வருக்குப் படுக்கை கிடைத்தது. அதே இரவில் காத்திருப்போர் பட்டியலில் நின்றவர்க்குக் கிடைத்திராது. இருக்கும் படுக்கையைப் பங்கிடக் கற்றுக்கொடுப்பதால் படுக்கை பெருகாது. பெருகுவதற்குப் பெட்டி வேண்டும். பெட்டி வேண்டும் என்று கேட்க ஆள் வேண்டும். வாசகர்களே, அடுத்த முறை உங்களிடம் "எந்த வகுப்பில் வருகிறீர்கள்?" என்று எவரேனும் கேட்டால், உங்கள் வகுப்பைச் சொல்லுங்கள். அத்துடன், அதே வண்டியின் கடைசிப் பெட்டியில் யார் வருகிறார்கள் என்றும் இறங்கியபின் ஒருமுறை நின்று பாருங்கள்.